மூன்று பேரிங் காரில் ஐந்து பேரிங் எஞ்சின்

என்னுடைய எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1964ஆம் ஆண்டின் முற்பகுதியில் செய்யப்பட்டது. இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் அதிகமான எம்ஜிபி கார்கள் வெளிவந்தன என்றாலும், தொடக்க காலத்துக் கார்களுக்கு மட்டும் ஒரு தனிக்குணம் உண்டு. அவற்றின் 1798 சிசி எஞ்சினில் கிராங்க், அதாவது பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, அதைத் தாங்கும் மூன்றே மூன்று மெயின் பேரிங்குகளின் மேல் சுழல்கிறது. 1964 அக்டோபரில் அதை ஐந்தாக உயர்த்தினார்கள். என் கார் அந்த மாற்றத்துக்குச் சில மாதங்கள் முந்திப் பிறந்துவிட்டது. இந்தப் பதிவில் நான் சொல்லப்போகும் சிக்கல்கள் பெரும்பாலும் அந்தச் சில மாத வித்தியாசத்தால் வந்தவையே.

எஞ்சினை மாற்றியே ஆக வேண்டிய நிலை ஒரே நாளில் வரவில்லை. வண்டி சூடேறிய பிறகு பினாங்கின் ஜெலுத்தோங் நெடுஞ்சாலையில் மாலை நெரிசலில் நின்றால், எண்ணெய் அழுத்த முள் ஏறக்குறையக் கீழே படுத்துவிடும். பேரிங்குகளை மாற்றலாம் என்று எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிப் பார்த்தபோது, முந்தைய உரிமையாளர்களின் காலத்திலேயே கிராங்க் கடைசி அளவு வரை அரைக்கப்பட்டுவிட்டது தெரிந்தது. அதற்குக் கீழே பேரிங் அளவு கிடையாது. மூன்று பேரிங் கிராங்க்கைத் தேடிப் பிடிப்பது இன்று இங்கிலாந்திலேயே எளிதன்று. ஆகவே வேறு எஞ்சின்.

நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மலேசியாவில் பழைய காருக்கு எஞ்சின் தேடுகிறவர் முதலில் போய் நிற்கும் இடம் ஹாஃப் கட் கடை. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டப்பட்டு வரும் கார்களின் முன்பாகங்கள் அங்கே அடுக்கடுக்காகக் கிடக்கும். டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ எஞ்சினை அதன் ஐந்து கியர் பெட்டியோடு சேர்த்து எடுத்துப் பொருத்திவிடு என்றார் ஒருவர். அதில் சாலை வரிக் கணக்கும் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் தனியார் சலூன் காரின் சாதாரண வரி எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்தது. 1587 சிசி கொண்ட டொயோட்டா எஞ்சினுக்கு ஆண்டுக்கு 90 ரிங்கிட். எம்ஜிபியின் 1798 சிசிக்கு 279 ரிங்கிட் 20 சென். இன்னொருவர் எதிர்த்திசையில் போய், ரோவர் வி8 எஞ்சினைப் போடச் சொன்னார். 1973 முதல் 1976 வரை எம்ஜி நிறுவனமே அந்த எஞ்சினோடு எம்ஜிபி ஜிடி வி8 என்ற காரை விற்றது. அலுமினியத்தில் வார்க்கப்பட்டதால் அந்த எட்டு சிலிண்டர் எஞ்சினின் எடை, இரும்பில் வார்த்த நான்கு சிலிண்டர் எஞ்சினின் எடையை விட அதிகம் கூடிவிடாது. ஆனால் 3528 சிசி என்றால் அதே கணக்கில் ஆண்டு வரி 4,506 ரிங்கிட். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

டொயோட்டா யோசனையை நான் ஏற்காததற்கு வரி காரணமில்லை. அது நல்ல எஞ்சின். எம்ஜிபியை விட நன்றாகவே ஓடும். ஆனால் வேறு குடும்பத்து எஞ்சினை ஏற்றினால் தாங்கிகளை வெட்டி ஒட்ட வேண்டும், புரொப்பெல்லர் தண்டைச் சுருக்கவோ நீட்டவோ வேண்டும், எக்சாஸ்ட், ரேடியேட்டர், ஒயரிங் எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டும். எம்ஜிபி எஞ்சினில் கார்புரேட்டர்களும் எக்சாஸ்டும் இடப்பக்கத்திலேயே இருக்கின்றன. வலப்பக்கம் ஸ்டியரிங் தண்டு தடையின்றி இறங்குகிறது. அந்த ஏற்பாட்டைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. தவிர, எம்ஜிபிக்கு இன்றும் கிடைக்கும் அளவுக்கு உதிரிப் பாகங்கள் வேறு எந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் கிடைப்பதில்லை என்றே சொல்வேன். முழு உடல் கூட்டையே 1988 முதல் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அப்படிப்பட்ட காரில் அந்நிய எஞ்சினை ஏற்ற வேறு வலுவான காரணம் வேண்டும்.

எனவே 1970களின் தொடக்கத்தைச் சேர்ந்த 18வி வகை எஞ்சின் ஒன்றை வாங்கினேன். அதே கொள்ளளவு, அதே வார்ப்புக் குடும்பம், ஐந்து மெயின் பேரிங். 1974இன் பிற்பகுதியில் ரப்பர் பம்பர் வந்தபோது எஞ்சின் தாங்கிகளின் அமைப்பும் மாறிவிட்டதால், அதற்கு முந்திய குரோம் பம்பர் காலத்து எஞ்சினாகப் பார்த்து எடுத்தேன். ஒரே குடும்பம் என்பதால் கழற்றி மாட்டிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. சிலிண்டரும் பிஸ்டனும் வால்வும் உண்மையில் தொல்லையே தரவில்லை; தொல்லை கொடுத்தவை எல்லாம், எஞ்சின் காரின் மற்ற பாகங்களோடு கைகோக்கும் இடங்கள்தாம்.

பழைய எஞ்சினை வெளியே எடுப்பதில் தொடங்குகிறேன். ஜெலுத்தோங்கில் என் மெக்கானிக்கான ஃபோர்மேன் அண்ணனின் பட்டறை தாழ்ந்த கூரை கொண்டது. கியர்பாக்ஸோடு சேர்த்து எடுப்பதுதான் நல்ல வழி, ஏனென்றால் எஞ்சினோடு கியர்பாக்ஸ் இணையும் பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகளுக்குக் காருக்குள் கை போகாது. ஆனால் அப்படி எடுக்கும்போது முழுப் பாரத்தையும் செங்குத்தாகச் சாய்த்துத் தூக்க வேண்டியிருக்கும். செயின் பிளாக்கைக் கட்டும் உயரம் போதவில்லை என்றால் காரை முன்னே தள்ளி, பின்னே இழுத்து, அங்குலம் அங்குலமாக வெளியே கொண்டுவர வேண்டும். பானெட், ரேடியேட்டர், அதைத் தாங்கும் தகடு ஆகியவை முதலில் கழன்றன.

இந்தக் கட்டத்தில் எல்லாரும் அவசரப்படும் இடம் ஒன்று உண்டு. எம்ஜிபியின் டேஷ்போர்டில் எண்ணெய் அழுத்தத்தையும் தண்ணீரின் சூட்டையும் காட்டும் மீட்டர் ஒன்றே. சூட்டைக் காட்டுவதற்கு மின்சாரம் கிடையாது. ஈதர் நிரப்பிய மயிரிழைச் செம்புக் குழாய் ஒன்று மீட்டரிலிருந்து புறப்பட்டு, சிலிண்டர் ஹெட்டின் முன்பகுதியில் செருகிய ஒரு சிறு குமிழில் முடிகிறது. குமிழைப் பிடித்திருக்கும் நட், அறுபது ஆண்டுத் தண்ணீர்க் கறையில் குமிழோடு ஒட்டிப்போயிருக்கும். நட்டைத் திருப்பினால் குமிழும் கூடவே திரும்பும், குழாய் முறுக்கிக்கொள்ளும், ஈதர் ஒரு நொடியில் ஆவியாகிவிடும்; அதன் பிறகு அந்த மீட்டர் வெறும் அலங்காரம். ஃபோர்மேன் அண்ணன் நட்டின் மேல் துரு நீக்கும் எண்ணெயை ஊற்றிவிட்டு, “தம்பி, இன்னைக்கு இதைத் தொட வேணாம், நாளைக்குப் பாத்துக்கலாம்,” என்று வேறு வேலைக்குப் போய்விட்டார். மறுநாள் குமிழை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, நட்டை மட்டும் கால் சுற்று முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுத்தார். கழன்ற குழாயைச் சுருட்டி, துணியில் சுற்றி, யாரும் கை வைக்காத மூலையில் கட்டி வைத்தார்.

இனி எஞ்சினின் பின்பக்கம். பி வரிசை என்று அழைக்கப்படும் எம்ஜிபி எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில் எஃகுப் பின்தகடு ஒன்று உண்டு. என் காரின் கியர்பாக்ஸ், முதல் கியருக்குச் சிங்க்ரோ (ஓடும்போதே கியர் சிக்காமல் விழும்படி பல்சக்கரங்களின் வேகத்தை ஒத்திசைக்கும் அமைப்பு) இல்லாத பழைய வகை. 18வி எஞ்சினோடு வந்த பின்தகடோ, 1967இன் இறுதியில் வந்த முழுச் சிங்க்ரோ கியர்பாக்ஸுக்காகச் செய்யப்பட்டது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் வகையும் அப்போதே மாறிவிட்டது. ஆக, புதிய பின்தகடு பழைய கியர்பாக்ஸுக்குச் சேராது. பழைய எஞ்சினின் தகட்டை எடுத்துப் புதியதில் மாட்டலாம் என்றால், அது மூன்று பேரிங் கிராங்க்குக்கு உரியது. கிராங்க்கின் பின்முனையில் பூட்டப்படும் கனச் சக்கரமான ஃப்ளைவீலுக்கும் இதே கதை. இரண்டுக்கும் பாலமாக இருப்பது 1964 அக்டோபர் முதல் 1967 வரை வந்த 18ஜிபி வகை எஞ்சின் மட்டுமே. ஐந்து பேரிங் கிராங்க்கையும் பழைய வகைக் கியர்பாக்ஸையும் ஒன்றாகக் கொண்டிருந்தது அது ஒன்றுதான். அதன் பின்தகடும் ஃப்ளைவீலும் பழைய சாமானாக இங்கிலாந்திலிருந்து பார்சலில் வந்தன. அஞ்சல் செலவு தகட்டின் விலையை நெருங்கியது என்பதை என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. கிராங்க்கையும் ஃப்ளைவீலையும் கிளட்ச் மூடியையும் சேர்த்துப் பட்டர்வொர்த்தில் சமநிலைப்படுத்தி வாங்கினோம். வேறு வேறு எஞ்சின்களிலிருந்து வந்த பாகங்களை இந்த வேலை செய்யாமல் ஓட்டுவது தண்டச் செலவுக்கு வழி.

தகடும் ஃப்ளைவீலும் கிடைத்த பிறகும் ஒரு சிறு வளையம் பாக்கி. கியர்பாக்ஸின் முன் தண்டு, கிளட்ச்சின் நடுவே புகுந்து, அதன் மூக்கு நுனி கிராங்க்கின் பின்முனையில் உள்ள குழியில் அமர வேண்டும். அந்தக் குழியில் வெண்கலப் புஷ் ஒன்று இருக்கும். ஸ்பிகாட் புஷ் என்பார்கள். மூன்று பேரிங் காலத்துக் கியர்பாக்ஸின் மூக்கு சிறியது, ஐந்து பேரிங் கிராங்க்கின் குழி பெரியது. வெளிவிட்டம் புதிய கிராங்க்குக்கும் உள்விட்டம் பழைய தண்டுக்கும் பொருந்தும்படி ஒரு புஷ்ஷைச் செய்துதான் ஆக வேண்டும். அது இல்லாமலும் வண்டி ஓடும். ஆனால் தண்டின் நுனி பிடிமானமின்றி ஆடும், கிளட்ச் மிதித்தாலும் முழுதாக விடாது, கொஞ்ச நாளில் கியர்பாக்ஸின் முன் பேரிங் கத்தத் தொடங்கும்.

இதற்குப் பட்டறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் கடைசல்காரரிடம் போனோம். எழுபதைத் தாண்டிய சீனப் பெரியவர். கைபேசியில் எழுதி வைத்திருந்த அளவுகளை நான் மலாயில் வாசிக்கத் தொடங்கியதும் கையமர்த்தினார்: “அளவைச் சொல்லாதே, சாமானைக் கொண்டு வா.” கியர்பாக்ஸையே பிக்கப்பில் ஏற்றிக் கொண்டுபோய் அவர் வாசலில் இறக்கினோம். மைக்ரோமீட்டரால் தண்டின் மூக்கை ஓரிடத்தில் அளந்து, கால் சுற்றுத் திருப்பி மறுபடி அளந்தார்; அறுபது ஆண்டு ஓடிய தண்டு எங்கேயாவது ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தார் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும் துளைகள் நிறைந்த வெண்கலத்தில்தான் இத்தகைய புஷ்கள் வழக்கமாக வரும். அதன் உட்பக்கத்தைக் கடைந்தால் துளைகள் அடைபட்டு எண்ணெய் கசிவது நின்றுவிடும். ஆகையால் கெட்டியான பாஸ்பர் வெண்கலக் கம்பியிலிருந்து புதிதாகவே கடைந்தார். முடித்ததும் தண்டின் மூக்கில் துளி எண்ணெய் தடவிப் புஷ்ஷைச் செருகிவிட்டு, கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். புஷ் தன் எடையிலேயே மெதுவாகச் சுழன்று இறங்கி, அடியில் தொட்டு நின்றது. அதற்குமேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கூலியாகக் கேட்ட தொகை, அஞ்சலில் வந்த தகட்டின் விலையோடு ஒப்பிட்டால் வெட்கப்படும்படி இருந்தது; ஃபோர்மேன் அண்ணன் சொன்னபடி, கூடுதலாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கியர்பாக்ஸ் வெளியில் இருக்கும்போதே கிளட்ச்சின் கார்பன் ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிட்டோம். எம்ஜிபியில் அது உருளும் பேரிங் அன்று, தேயும் கார்பன் வளையம். சிக்னலில் கிளட்ச்சை மிதித்தபடியே நிற்கும் பழக்கமுள்ளவர் பினாங்கு நெரிசலில் அதைச் சீக்கிரமே தின்றுவிடுவார்.

ஆர்பிஎம் மீட்டர் இன்னொரு எதிர்பாராத வேலை. மூன்று பேரிங் எஞ்சினில் அது கேபிளால் இயங்கும்; எஞ்சினிலேயே அதற்கென ஒரு பல்சக்கரம் உண்டு. ஐந்து பேரிங் வந்தபோது மின் மீட்டருக்கு மாறிவிட்டார்கள் என்பதால், புதிய எஞ்சினில் கேபிளை மாட்ட இடமே இல்லை. 1964 முதல் 1967 வரையான கார்களில் வந்த மின் மீட்டர்தான் எனக்குப் பொருந்தும். ஏனெனில் என் காரில் பேட்டரியின் நேர்முனைதான் பாடியில் இணைந்திருக்கிறது. பிற்காலக் கார்களில் ஆல்டர்னேட்டர் வந்து எதிர்முனைக்கு மாறியதால், அவற்றின் மீட்டரை என் காரில் அப்படியே மாட்ட முடியாது. டைனமோவை விட்டுவிட்டு ஆல்டர்னேட்டருக்கு மாறும்படி பலர் சொன்னார்கள். இரவில் விளக்கும் வைப்பரும் ஒன்றாக ஓடும்போது டைனமோ திணறுவது உண்மைதான். ஆனாலும் ஒரு வேலையின் நடுவே இன்னொரு வேலையை இழுத்துப்போட்டுக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

முதல் ஸ்டார்ட் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வால்வுகளைத் திறக்கும் கேமையும் அதன் மேல் உரசும் டேப்பெட்டுகளையும் புதிதாகப் போட்டிருந்தோம். ஹெட்டில் கடினமான வால்வு இருக்கைகளைப் பதித்திருந்தோம், ஈயம் கலந்த பெட்ரோல் இப்போது விற்பனையில் இல்லையே. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அழுத்த முள் மேலே எழும் வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுழற்றினோம். எண்ணெய் பம்ப்பில் காற்று சிக்கியிருந்தால் அது தானாக இழுத்துக்கொள்ளும் என்று நம்பி எஞ்சினைக் கிளப்புவது பேரிங்குகளுக்குச் செய்யும் துரோகம். அழுத்தம் வந்த பிறகே பிளக்குகளை மாட்டினோம். எஞ்சின் பற்றியதும் அதை ஐடிலில் விடக் கூடாது. இவ்வகை எஞ்சினில் கேமின் முனைகளுக்குக் கிராங்க் வீசியடிக்கும் எண்ணெய்தான் முக்கியம், மெதுவாகச் சுழலும்போது அது போதிய அளவு மேலே வராது. எனவே உடனே 2000 ஆர்பிஎம்முக்கு மேலே ஏற்றி, சுமார் இருபது நிமிடம் கூட்டியும் குறைத்தும் ஓட்ட வேண்டும். துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த 20டபிள்யூ-50 எண்ணெய் ஊற்றியிருந்தோம். அந்த இருபது நிமிடமும் ஃபோர்மேன் அண்ணன் ஆக்சிலரேட்டரில், நான் தண்ணீர்க் குழாயோடு ரேடியேட்டர் முன்னால், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் பட்டறை வாசலில்.

பினாங்கு வெயிலுக்காக 74 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டும் ஆறு இதழ் விசிறியும் போட்டிருக்கிறோம். சோதனைக்கு ரெலாவிலிருந்து பாலிக் புலாவுக்கு ஏறும் துன் சார்டோன் சாலையை விட நல்ல இடம் தீவில் எனக்குத் தெரியாது. வளைவுக்கு வளைவு ஏற்றம், முன்னால் எப்போதும் ஒரு லோரி ஊர்ந்துகொண்டிருக்கும், காற்றும் கிடைக்காது. உச்சியை அடையும் வரை சூட்டு முள் நடுக்கோட்டைச் சற்றே தாண்டியது, இறக்கத்தில் தன்னால் திரும்பியது. மூன்று பேரிங் எஞ்சின் வேகமாகச் சுழலும் ஆர்வம் கொண்டது என்று பழையவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. புதியது அவ்வளவு துள்ளாது. ஆனால் ஏற்றத்தில் அடங்கிய குரலில் இழுக்கிறது, ஸ்டியரிங்கில் வரும் நடுக்கமும் பெருமளவு குறைந்திருக்கிறது. இன்னொரு ஆதாயம்: பழைய எஞ்சினின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது, திருகுப்பள்ளம் ஒன்றுதான் எண்ணெயைத் திருப்பி அனுப்பும், அதனால் வீட்டுப் போர்டிகோவில் எப்போதும் ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. இப்போது இல்லை.

காகித வேலை தனி அத்தியாயம். எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதல் பெற்று, வாகனப் பரிசோதனையில் காட்டி, கிராண்ட் எனப்படும் வாகனப் பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் எண்ணைத் திருத்த வேண்டும். கொள்ளளவு மாறாததால் சாலை வரியும் காப்பீட்டுத் தொகையும் அப்படியே நின்றன. ஒரே குடும்பத்து எஞ்சினில் இது ஒரு நிம்மதி. சிக்கல் எண்ணில் வந்தது. இன்றைய கார்களில் எண்ணை பிளாக்கிலேயே அடித்திருப்பார்கள். எம்ஜிபியில் அது ஒரு சிறு உலோகத் தகட்டில் பொறிக்கப்பட்டு, பிளாக்கின் வலப்பக்கத்தில் ரிவெட்டால் பதிக்கப்பட்டிருக்கும். தகடு என்றால் கழற்றி மாட்டக்கூடியதுதானே என்று பரிசோதித்த இளைஞருக்கு ஐயம் வந்தது நியாயமே. எஞ்சின் வாங்கிய ரசீதையும், தொழிற்சாலைக் கையேட்டில் தகட்டின் இடத்தைக் காட்டும் படத்தையும், பழைய எஞ்சினில் அதே இடத்தில் அதே மாதிரித் தகடு இருக்கும் படத்தையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினேன். அவர் தம் மேலதிகாரியை அழைத்து வந்தார். மேலதிகாரி தகட்டைப் பார்த்ததை விடக் காரைப் பார்த்த நேரம் அதிகம். இந்த வேலையில் இறங்குகிறவர்கள், எஞ்சினைக் காருக்குள் இறக்குவதற்கு முன்பே தகட்டைச் சுத்தம் செய்து தெளிவாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காருக்குள் போன பிறகு அதைப் படிக்க டார்ச் லைட்டும் கண்ணாடியும் தேவைப்படும்.

பழைய எஞ்சினை விற்கவில்லை. எண்ணெய் தடவி, மரச்சட்டத்தில் நிறுத்தி, அதன் தகட்டோடு வைத்திருக்கிறேன். எப்போதாவது நல்ல கிராங்க் ஒன்று கிடைக்கலாம், அல்லது இந்தக் காரை எனக்குப் பிறகு வாங்குகிறவர் அதைக் கேட்கலாம்.

எஞ்சினை மாற்றியாயிற்று, முழுச் சிங்க்ரோ கியர்பாக்ஸையும் போட்டுவிட்டால் என்ன என்று இப்போது கேட்கிறார்கள். அந்தக் கியர்பாக்ஸ் பெரியது. அதற்காகவே 1967இன் இறுதியில் காரின் தரை நடுவே கியர்பாக்ஸை மூடியிருக்கும் டன்னலை அகலமாக்கினார்கள். என் காரில் அதை ஏற்ற வேண்டுமானால் தரையை வெட்ட வேண்டும், ஆகவே மாற்றப்போவதில்லை. ஆயர் ஈத்தாம் நெரிசலில் வண்டி முழுதாக நின்ற பிறகே முதல் கியரைப் போடுகிறேன். பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்.